பேரனுக்கு எந்தக் கார்டு வாங்கலாம் என்று கேட்டாயே

கண்ணா,

பையன் பிறந்த நாளுக்கு, ஆட்டக்காரர் படம் அச்சடித்த பழைய பேஸ்பால் கார்டு ஒன்று வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன், நாளைக்கு விலை ஏறுகிற மாதிரி எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

முதல் விஷயம், விலை ஏறும் என்று நினைத்து வாங்காதே. 2022ல் மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் கார்டு ஒன்று, 1952ல் டாப்ஸ் கம்பெனி போட்டது, 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது, அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் உனக்கு இந்த யோசனையே வந்திருக்கும். ஆனால் அந்த வருஷத்துக் கார்டுகளில் மேன்டில் இருந்த கடைசிப் பகுதி கடைக்கு வந்தபோது சீசன் முடிகிற நேரம், பிள்ளைகள் வாங்கவே இல்லை. விற்காமல் கிடங்கில் கிடந்ததைத் தள்ளிவிட வழி தெரியாமல் 1960ல் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள். கொட்டியவர் வேறு யாரும் இல்லை, அந்தக் கார்டுகளை வடிவமைத்த சை பெர்கரேதான். அவருக்கே தெரியாத விலை உனக்கும் எனக்கும் எப்படித் தெரியும்?

என்னைக் கேட்டால் ராபர்ட்டோ கிளெமென்டே கார்டு வாங்கு. நீ பிறந்து வளர்ந்த பிட்ஸ்பர்க்கின் ஆட்டக்காரர், அவர் பெயர் வைத்த பாலத்தின் மேல் எத்தனையோ முறை உன்னைக் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன், ஆனால் அவர் கதையை முழுதாகச் சொன்னேனா என்று நினைவில்லை.

போர்ட்டோ ரிக்கோவில் கரோலினா என்ற ஊர். அப்பா கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. 1955ல் பிட்ஸ்பர்க்கின் பைரேட்ஸ் அணிக்கு ஆட வந்தபோது அவருக்கு இருபது வயதுதான். அந்த வருஷத்து முதல் கார்டில் ராபர்ட்டோ என்று ஒழுங்காகத்தான் போட்டார்கள், 1956லும் அப்படியே. 1957லிருந்து 1969 வரைக்கும் எடுத்துப் பார், ராபர்ட்டோவை இங்கிலீஷ் பெயராகச் சுருக்கி 'பாப் கிளெமென்டே' என்று இருக்கும். அவர் தன்னை பாப் என்று சொல்லிக்கொள்ளவில்லை, ராபர்ட்டோ என்றே கூப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பேட்டி எடுத்த பத்திரிகைக்காரர்கள் வேறு, அவர் பேசிய இங்கிலீஷை அவருடைய உச்சரிப்பிலேயே எழுத்துக்கூட்டி அச்சடித்தார்கள், படிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று. அதற்குள் அவர் நான்கு முறை லீகின் சிறந்த பேட்டராக வந்து, 1966ல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கிவிட்டார். 1970 கார்டில்தான் ராபர்ட்டோ திரும்பி வந்தது. கார்டுகளை வருஷ வரிசையில் மேசையில் பரப்பி வைத்தால் இது கண்ணுக்கே தெரிகிறது, யாரும் விளக்க வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பெயரை எப்படி வெட்டிக் கூப்பிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அந்த வரிசையை முதல் தடவை பார்த்தபோது எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

என்னிடம் இருக்கிற 1964 கார்டைப் பற்றிச் சொல்கிறேன். முன்பக்கம் நாலு முனையும் மழுங்கி, இரண்டு ஓரத்திலும் ரப்பர் பேண்டு அழுத்திய பள்ளம். பின்பக்கம் ஆரஞ்சு நிறம், கீழே ஒரு கேள்வி அச்சடித்திருக்கும், அந்த வெள்ளைக் கட்டத்தைக் காசு விளிம்பால் தேய்த்தால் பதில் தெரியும். யாரோ ஒரு பிள்ளை அதை அழுத்தித் தேய்த்திருக்கிறான், காசு சாய்வாக ஓடிய கீறல்கள்கூட வெளிச்சத்தில் தெரிகின்றன. கார்டின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிற கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பினால் இதற்கெல்லாம் மார்க் குறைத்துவிடுவார்கள், கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து ஒன்றோ இரண்டோ போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எனக்கு அந்த மார்க்கில் அக்கறை இல்லை. அந்தக் கீறலுக்காகத்தான் அதை வாங்கினேன், கார்டு அதற்காகத்தானே அச்சானது.

1971 உலகத் தொடர், அந்த வருஷத்து சாம்பியன் யார் என்று முடிவு செய்கிற தொடர், அதன் ஏழாவது ஆட்டம். பால்டிமோரில் பைரேட்ஸ் ஜெயித்தார்கள், கிளெமென்டே ஒரு ஹோம் ரன் அடித்தார், தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். டிவிக்காரர் மைக்கை நீட்டியதும், முதலில் என் அப்பா அம்மாவிடம் ஸ்பானிஷில் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன் என்று அனுமதி கேட்டார். நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் வாழ்க்கையின் பெரிய நாள் இது, என் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், என் பெற்றோர் எனக்கு ஆசீர்வாதம் தர வேண்டும் என்று சொன்னார். ஒரு பிள்ளையைப் பெற்றவள் அதைக் கேட்டுவிட்டு வேறு யார் கார்டைத் தேடிப் போவாள், சொல்.

அடுத்த வருஷம் செப்டம்பர் 30 அன்று 3,000ஆவது ஹிட் அடித்தார், பந்தை அடித்துவிட்டு ஓடி பேஸைத் தொட்டால் அது ஒரு ஹிட். வழக்கமான சீசன் ஆட்டங்களில் அதுதான் அவருடைய கடைசி ஹிட். டிசம்பர் 23 அன்று நிகராகுவாவில் மனாகுவா நகரத்தைப் பூகம்பம் அழித்தது. இவர் போர்ட்டோ ரிக்கோவில் நிவாரணப் பொருள் திரட்டி அனுப்பினார், அங்கே ராணுவத்தார் நடுவில் புகுந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நானே கூடப் போனால் ஒழுங்காகப் போய்ச் சேரும் என்று டிசம்பர் 31 இரவு பழைய சரக்கு விமானம் ஒன்றில் ஏறினார். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியிருந்தார்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கடலில் விழுந்தது, உடல் கிடைக்கவே இல்லை. வயது 38. அணியின் கேட்சர் மேனி சங்கியென் அஞ்சலிக் கூட்டத்துக்குக்கூடப் போகாமல் கடலில் முங்கித் தேடிக்கொண்டிருந்தார். பேஸ்பாலின் பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி 1973லேயே சேர்த்தார்கள்.

அதனால்தான் அவருடைய 1972 கார்டை வாங்கு என்கிறேன். பந்தை மேலே போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். மடிப்பு விழுந்ததாக வாங்கினால் பெரிய விலை இருக்காது.

அப்புறம் அவனுக்கு இன்னொரு பெயரையும் சொல்லு, ஜாஷ் கிப்சன். இவரும் நம் ஊரில் ஆடியவர்தான், கறுப்பர்களைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் நீக்ரோ லீக்கில். அவர் ஆடிய காலத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் அவருக்குக் கார்டே போடவில்லை. பெயர் பெற்ற கிப்சன் கார்டு போர்ட்டோ ரிக்கோவில் 1950 வாக்கில் வந்தது, அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். 1947 ஜனவரியில், வயது 35. கறுப்பரான ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்துப் பெரிய லீக்கில் கால் வைத்தது அதே வருஷம் ஏப்ரலில். 2024ல் நீக்ரோ லீக் கணக்குகளைப் பெரிய லீக் கணக்கோடு சேர்த்ததும் மொத்த பேட்டிங் சராசரியில் முதலிடம் கிப்சனுக்கு, .372, அதாவது ஆயிரம் பேட்டிங் வாய்ப்புக்கு 372 ஹிட். இத்தனை காலம் கழித்து.

பைரேட்ஸின் பழைய ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் கார்டை அவனே கேட்பான், எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். 1909ல் சிகரெட் பெட்டிக்குள் வைக்க அச்சான கார்டு, அவர் மறுத்ததால் கொஞ்சம்தான் வெளியே வந்தது. பிள்ளைகள் புகையிலை வாங்கக் கூடாது என்று மறுத்தார் என்பார்கள், காசு தராததால் மறுத்தார் என்றும் சொல்வார்கள். அனுமதி வாங்கித் தருகிற பத்திரிகையாளருக்குப் பத்து டாலர் கிடைப்பதாக இருந்தது, அந்த மனிதருக்கு நஷ்டம் வரக் கூடாதென்று வாக்னர் தன் செக்கை அனுப்பியதாக அந்தக் காலத்துச் செய்தி. காசுக்காக மறுத்தவர் கைக்காசைக் கொடுப்பாரா? நான் முதல் காரணத்தைத்தான் நம்புகிறேன்.

வாக்னர் கார்டுகளிலேயே பேர்போன ஒன்றின் ஓரங்களை வெட்டிச் சீராக்கியதை 2013ல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். அதற்குக் கிடைத்த மார்க் பத்துக்கு எட்டு! நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிற வாக்னரோ, ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் ஆல்பத்தில் ஒட்டி வைத்துக் கொடுத்தது. இவர்தான் பழைய கார்டுகளுக்கெல்லாம் பட்டியல் போட்டவர், மூட்டுவலியோடு கடைசிவரை உட்கார்ந்து ஒட்டினார். எது நல்ல கார்டு என்று நீயே சொல்.

வாங்கும்போது இரண்டு பக்கமும் போட்டோ கேள். 1957க்குப் பிறகு வந்த டாப்ஸ் கார்டு இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம், ஸ்கேல் வைத்து அள. முனை மழுங்கியிருக்கும்போது ஓரம் மட்டும் கத்தி மாதிரி இருந்தால் வெட்டியிருப்பார்கள், வாங்காதே. வந்ததும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு அவன் கையிலேயே கொடு, பீரோவில் வைத்துப் பூட்டாதே. 1964 கார்டை நான் பார்சலில் தனியாக அனுப்புகிறேன், அந்தத் தேய்த்த கட்டத்தை அவனைப் பார்க்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் கூப்பிடுகிறேன், மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா