நடுக்கம் நிற்பது மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பார்க்கின்சன் நோய்க்கான ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை (மூளைக்குள் மெல்லிய மின்கம்பிகளைப் பொருத்தி மின்தூண்டல் தருவது) என்றாலே, கை நடுக்கம் சட்டென்று நிற்கும் காட்சியைத்தான் காட்டுகிறார்கள். அது உண்மைதான். 1987-ல் பிரான்ஸின் கிரனோபிள் நகரில் மூளை அறுவை மருத்துவர் பெனாபிட் குழுவினர் தொடங்கிவைத்த இந்த முறை பலருக்குப் பெரிய வரம். ஆனால் இது நோயைக் குணப்படுத்தாது, வளர்வதையும் தடுக்காது. இந்நோய்க்கு வழக்கமாகத் தரும் லெவோடோபா மாத்திரைக்கு இளகும் விறைப்பும் அசைவின் மந்தமும்தான் பெரும்பாலும் இதற்கும் இளகும். (நடுக்கம் விதிவிலக்கு, மாத்திரைக்கு அடங்காததுகூட இதற்கு அடங்கலாம்.) பேச்சுக் குழறலுக்கும் மறதிக்கும் இதை நம்பிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அறுவைக்குப் பிறகு மின்தூண்டல் அளவைச் சரிசெய்யப் பல மாதங்கள் அலைய வேண்டும், அப்புறம் மார்பில் தோலுக்கடியில் வைத்த பேட்டரியையும் ஒருநாள் மாற்ற வேண்டும். இதையெல்லாம் மருத்துவர்கள் முன்கூட்டியே குடும்பத்தாருடன் உட்கார்ந்து பேச வேண்டும். அவசரமாகக் கையெழுத்து வாங்கக் கூடாது.

— ஒரு வாசகர்