வர்ஜீனியாவில் அடைக்கப்பட்ட மூன்று வாசல்கள்

அன்புள்ள சேகர்,

கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நீ பொடி எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்றுதான் இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் அடிமை முறையைக் கொண்டுவந்தது எந்தச் சட்டம் என்று கேட்டிருந்தாய். அப்படி ஒரே சட்டம் கிடையாது. அன்று ஆங்கிலேயக் காலனியாக இருந்த வர்ஜீனியாவில் தீர்ப்புதான் முந்திக்கொண்டது. 1640 ஜூலையில், ஹியூ க்வின் என்ற எஜமானரிடமிருந்து மேரிலாந்துக்கு ஓடிய மூன்று வேலையாட்கள் பிடிபட்டார்கள். மூவருக்கும் தலா 30 கசையடி. டச்சுக்காரருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் கூடுதலாக 4 ஆண்டு ஊழியம். கறுப்பரான ஜான் பஞ்சுக்கு மட்டும் உயிர் உள்ளவரை.

உனக்கு முக்கியமாகப் படவேண்டியது எலிசபெத் கீ வழக்கு. அப்பா தாமஸ் கீ, காலனியின் சட்டசபை உறுப்பினராக இருந்த ஆங்கிலேயர். அம்மா ஆப்பிரிக்கப் பெண். எலிசபெத்தின் எஜமானர் இறந்ததும் அவர் சொத்தை நிர்வகித்தவர்கள் அவளை அடிமைக் கணக்கில் எழுதிவிட்டார்கள். அவள் தரப்பு மூன்று வாதங்களை வைத்தது: தந்தை சுதந்திரர், தான் ஞானஸ்நானம் பெற்றவள், 9 ஆண்டு என்று பேசிய ஊழியக்கெடு எப்போதோ தீர்ந்துவிட்டது. மேல்முறையீடுகளில் இழுபட்டு, 1656இல் விடுதலை பெற்றாள்.

இந்த மூன்று வாதங்களும் விடுதலைக்கான மூன்று வாசல்கள். இனி சட்டசபை அவற்றை எப்படி அடைத்தது பார். 1662 சட்டம், ஆங்கிலேயருக்குக் கறுப்பினப் பெண்ணிடம் பிறந்த பிள்ளைகளைப் பற்றிச் ‘சில சந்தேகங்கள் எழுந்துள்ளதால்’ என்றே தொடங்குகிறது. யார் கிளப்பிய சந்தேகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை! பிள்ளை இனி தாயின் நிலையையே அடையும். ஆங்கிலச் சட்டத்தில் மனிதருக்குத் தந்தை வழி. தாய் வழி ஆடுமாட்டுக்குத்தான், கன்று பசுவின் சொந்தக்காரனுக்கு. இதன்படி, எஜமானன் தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையும் அவனுக்குச் சொத்து. இன்றைய அமெரிக்க நிலப்பரப்பு முழுவதற்கும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 4 லட்சம்தான். 1808இல் இறக்குமதியும் தடைப்பட்டது. ஆனாலும் 1860 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகள் 39 லட்சத்துக்கும் மேல். இந்த ஒற்றை விதி இல்லாமல் அந்த எண்ணிக்கை சாத்தியமே இல்லை.

1667இல் இரண்டாம் வாசல்: ஞானஸ்நானம் அடிமை நிலையை மாற்றாது. எஜமானர்கள் பயமின்றி மதத்தைப் பரப்பலாமே என்று காரணம் வேறு!

மூன்றாவதுதான் கொஞ்சம் சறுக்கியது. கிறிஸ்தவரல்லாமல் கடல்வழி வந்த ஊழியர் ஆயுள் அடிமை என்றது 1670 சட்டம். அவர்களுக்குக் கெடு என்ற பேச்சே இல்லை. ஆனால் வருமுன்பே ஞானஸ்நானம் பெற்றவர் அதற்குள் அடங்கவில்லை. அதனால் 1682இல் பிறந்த நாட்டையும் பெற்றோரையும் அளவுகோலாக்கினார்கள்.

தாய் வழி விதி மறுபக்கமும் கசிந்தது. வெள்ளைக்காரத் தாய்க்குக் கறுப்பரிடம் பிறந்த பிள்ளை சுதந்திரமாகிவிடுமே? 1691இல் அதற்கும் ஒட்டுப்போட்டார்கள்: தாய்க்கு 15 பவுண்டு அபராதம், கட்டாவிட்டால் 5 ஆண்டு ஊழியம், பிள்ளைக்கு 30 வயதுவரை ஊழியம். கட்டு பிரித்ததும் 1662, 1691 இரண்டையும் அருகருகே வைத்துப் படி.

அன்புடன்,
முரளி