நான்காவது நோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை: நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை, கல்லூரி, கூட்டுறவு வங்கி என்று சொந்தமாக டேட்டா சென்டர் வைத்திருக்கும் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

உங்கள் ஐடி பிரிவு அனுப்பும் ஒரு கோரிக்கை பல மாதங்கள் கையெழுத்தாகாமல் கிடக்கிறது. "கிளஸ்டருக்கு அப்டேட் போட வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள்" என்பதுதான் அது. (கிளஸ்டர் என்பது ஒன்றாக இயங்கும் சர்வர்களின் கூட்டம்; அதில் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு.) "நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குக் கை வைக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. பில்லிங் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆனால் தள்ளிப்போடுவதில் இருக்கும் ஆபத்தை யாரும் உங்களுக்கு முழுதாக எடுத்துச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

முன்பெல்லாம் சர்வர் தனி, ஸ்டோரேஜ் தனி. ஹைப்பர்கன்வர்ஜ்டு முறையில் சர்வர்களுக்குள் இருக்கும் டிஸ்க்குகளையே மென்பொருள் ஒன்றுசேர்த்து ஒரே ஸ்டோரேஜாகக் காட்டுகிறது. விஎம்வேர் விசான், நியூட்டானிக்ஸ் எல்லாம் இந்த வகை. பொதுவாக ஒரே டேட்டா இரண்டு நோடுகளில் எழுதப்படும். ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும் என்ற தைரியத்தில்தான் நாம் எல்லோரும் இருக்கிறோம்.

இரண்டும் சேர்ந்து போனால்? 2019 நவம்பரில், சர்வர் தயாரிக்கும் ஹெச்பிஇ நிறுவனம் ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது. சர்வர்களில் பயன்படும் அதன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி டிஸ்க்குகள், பழைய ஃபர்ம்வேரோடு (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) 32,768 மணி நேரம் ஓடினால் செத்துவிடும் என்றது. அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். அதன் பிறகு டிஸ்க்கையும் மீட்க முடியாது, அதிலிருக்கும் டேட்டாவையும் மீட்க முடியாது. 2020 மார்ச்சில் வேறு சில டிஸ்க்குகளுக்கு 40,000 மணி நேரம் என்று இன்னோர் அறிவிப்பு வந்தது. இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: ஃபர்ம்வேர் அப்டேட்.

நம் நிறுவனங்களில் கிளஸ்டர் வாங்கும் விதத்தை யோசித்துப் பாருங்கள். ஒரே டெண்டர், ஒரே டெலிவரி, எல்லா டிஸ்க்கும் ஒரே நாளில் ஆன் ஆகும். இப்படியொரு கோளாறு இருந்தால் எல்லா நோடுகளிலும் டிஸ்க்குகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விழும். எத்தனை நகல் இருந்தாலும் பயனில்லை.

பாதுகாப்பு ஓட்டைகளுக்கும் தீர்வு அப்டேட்தான். 2023 பிப்ரவரியில் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ மென்பொருள் ஓடும் சர்வர்களைத் தாக்கிய ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைந்த வழியாகக் கருதப்பட்ட ஓட்டைக்கு, 2021 பிப்ரவரியிலேயே பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட், வந்திருந்தது.

சரி, அப்டேட் அன்று என்ன நடக்கிறது? ஒரு நோடை மெய்ன்டெனன்ஸ் மோடுக்கு, அதாவது வேலையிலிருந்து ஒதுக்கிவைக்கும் நிலைக்கு, கொண்டுபோவார்கள். அதில் ஓடும் விஎம்கள் (சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினிகள்) ஓடியபடியே அடுத்த நோடுகளுக்கு நகரும். அப்டேட் ஏறி, ரீபூட் ஆகி, நோடு திரும்ப வரும். அதோடு வேலை முடிவதில்லை. அது இல்லாத நேரத்தில் மாறிய டேட்டா முழுவதும் அதில் வந்து சேர வேண்டும். இதற்குப் பெயர் ரீசிங்க்; திரையில் 'ரீசிங்க்' என்று மீதி ஜிபி குறைந்துகொண்டே வரும். அது பூஜ்ஜியம் ஆகும் முன் அடுத்த நோடைத் தொட்டால், சில டேட்டாவின் சரியான நகல் எங்குமே கிடைக்காமல் போகலாம். பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான் மேலிருந்து போன் வரும்: "இன்னும் எவ்வளவு நேரம்பா?" தயவுசெய்து அந்த போனைத் தவிர்த்துவிடுங்கள். அவசரப்படுத்தப்பட்ட கை தவறு செய்யும்.

அப்புறம், நான்காவது நோடு. செலவைக் குறைக்க மூன்று நோடுகளோடு நிறுத்திவிடுகிறோம். ஒன்றை அப்டேட்டுக்கு இறக்கினால் மீதி இரண்டு. அந்த நேரத்தில் அவற்றில் ஒன்றில் ஒரு டிஸ்க் போனால்கூட, அதிலிருந்த டேட்டாவில் ஒரு பகுதிக்கு வேறு சரியான நகல் இருக்காது. நான்கு இருந்தால், ஒன்றை இறக்கும் முன்பே அதன் டேட்டா முழுவதையும் மற்ற மூன்றுக்கும் மாற்றிவிடலாம், அவற்றில் இடம் இருக்கும்வரை. இது ஆடம்பரம் அல்ல.

அடுத்த பட்ஜெட்டில் அந்த நோடுக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள். அதுவரை, மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்போதே காலண்டரில் குறித்து ஐடி பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். அப்டேட்டுக்கு முதல் நாள் எடுத்த பேக்கப்பை ஒரு முறை ரீஸ்டோர் செய்து பார்த்தார்களா என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அன்புடன்,
ஒரு டேட்டா சென்டர் பொறியாளர்