நல்ல போர்டைக் கழற்றிவிட்டு 9,676 ரூபாய் வாங்கியது குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
தில்லை நகர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: மின் ஓவனில் பழுதில்லாத கன்ட்ரோல் போர்டை மாற்றியது – பணத்தையும் பழைய போர்டையும் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் பில்ட்-இன் மின் ஓவனை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வாரன்டி முடிந்துவிட்டது. ஆகவே பழுது வந்தால் பணம் கட்டித்தான் சரிசெய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அதில் வருத்தமில்லை. ஓவனை இயக்கும் மின்னணுப் பலகையான கன்ட்ரோல் போர்டை, பழுதே ஆகாத ஒரு பாகத்தை, கழற்றி எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் புதியதை மாட்டி, என்னிடம் 9,676 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வந்த கோளாறு இதுதான். 180 டிகிரி வைத்தால் ஓவன் வழக்கம்போல் சூடேறும். கேக் பாதி வெந்துகொண்டிருக்கும்போது பீப் அடித்து, திரையில் எரர் கோடு வந்து, ஹீட்டர் நின்றுவிடும். அப்போதும் விளக்கு எரியும், ஃபேன் ஓடும். நன்றாக ஆறவிட்டு மறுபடி போட்டால் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்யும், அடுத்த சூடு ஏறும் வரை. புகார் பதியும்போதே கால் சென்டரில் இதை ஒன்று விடாமல் சொன்னேன். "சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது" என்று அழுத்தியும் சொன்னேன். உங்கள் ஜாப் ஷீட்டில் எழுதியிருப்பதோ "நாட் ஹீட்டிங்" என்ற இரண்டே சொற்கள்.

முதலில் வந்த சர்வீஸ் ஆள் ஓவனை அலமாரியிலிருந்து வெளியே இழுக்கவே இல்லை. திரையைப் பார்த்தார், இரண்டு பட்டன்களை அழுத்தினார், "பிசிபி போயிடுச்சு மேடம், மாத்தினாத்தான் சரியாகும்" என்றார். பிசிபி என்று அவர் சொன்னது கன்ட்ரோல் போர்டைத்தான். எப்படிப் போனது என்று கேட்டதற்கு "உங்க ஏரியா வோல்டேஜ்" என்றார். மின் அழுத்தம் எகிறிப் போர்டு அடிபட்டிருந்தால் பெரும்பாலும் ஃபியூஸோ, மிகை அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும் வேரிஸ்டரோ போயிருக்கும், திரையே இருண்டிருக்கும். என் ஓவனில் கடிகாரம் ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. போர்டின் பவர் சப்ளை பகுதி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்? நீங்கள் ஓவனோடு கொடுத்த கையேட்டிலும் அந்த எரர் கோடுக்கு நேரே "வெப்பநிலை சென்சார்" என்றுதான் அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "அதெல்லாம் பொதுவா போடுறது" என்று சொல்லிவிட்டார்.

போர்டு வந்தது, மாட்டினார்கள். 8,200 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 1,476 ரூபாய், வருகைக் கட்டணம் 650 ரூபாய் தனி. அடுத்த முறை சூடேற்றியபோதே அதே பீப், அதே எரர் கோடு.

மறுபடி புகார் செய்ததும் வேறொரு இளைஞர் வந்தார். அவரும் உங்கள் நிறுவனத்து ஆள்தான். அவர் வேலை செய்த விதத்தை நீங்கள் அறிய வேண்டும். முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை ஆஃப் செய்தார். உதவியாளரோடு சேர்ந்து ஓவனை வெளியே இழுத்துப் பின்தகட்டைக் கழற்றினார். மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓம் அளவில் வைத்து, சென்சார் வயர் போர்டுக்குப் போகும் முனையில் பிடித்தார். 1118 ஓம் காட்டியது. "இது பிடி1000 சென்சார் அக்கா. பூஜ்ஜியம் டிகிரியில 1000 ஓம், இந்த வெக்கையில 1100 சொச்சம் வரணும், சரியா இருக்கு" என்றார். பிறகு வீட்டில் ஹேர் டிரையர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, ஓவன் முதுகில் வயர்கள் சேரும் கனெக்டர் மீது சூடான காற்றை அடித்தார். மீட்டர் 1120, 1125 என்று ஏறி, சட்டென்று 'ஓஎல்' என்று காட்டியது. இணைப்பு அறுந்துவிட்டது! காற்றை நிறுத்தி ஆறவிட்டதும் எண் திரும்பி வந்தது. கனெக்டரைப் பிரித்தால் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடந்தது. ஒரு பின் கருத்துத் தளர்ந்திருந்தது.

கனெக்டரை வெட்டி எடுத்து, சூடு தாங்கும் புதிய கனெக்டர் போட்டார். அதற்கு 380 ரூபாய், வருகைக்கு 650 ரூபாய். அன்றிலிருந்து ஓவன் குறையில்லாமல் ஓடுகிறது.

சூடானதும் நின்றுவிடும் கோளாறு போர்டிலும் வரலாம். போர்டில் ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் ரிலேயின் கால்களில் ஈயப் பற்று விண்டு போனாலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் நடக்கும் என்று அந்த இளைஞரே சொன்னார். ஆகவே போர்டைச் சந்தேகித்ததில் தவறில்லை. சென்சாரை ஒருமுறைகூட அளக்காமல் தீர்ப்புச் சொன்னதுதான் தவறு. நாடி பிடிக்காமலே அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. முதலில் வந்தவரின் பையில் மல்டிமீட்டரே இல்லை. ஒரு மீட்டரைக்கூடக் கொடுக்காமல் ஆளை அனுப்பியது நிறுவனம்; பொறுப்பும் நிறுவனத்துடையதே. அவர் மீது நடவடிக்கை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்ன இளைஞருக்கு இந்தக் கடிதத்தால் எந்தச் சங்கடமும் வரக் கூடாது என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறேன்.

போர்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது உங்கள் அலுவலகம் சொன்ன பதில்: "எலக்ட்ரானிக் பார்ட் ஒருமுறை பொருத்தினால் ரிட்டர்ன் இல்லை." நான் மனம் மாறித் திருப்பவில்லை. உங்கள் ஆள் தேவை என்று சொன்னதை நம்பி வாங்கினேன். தேவையில்லை என்று உங்கள் ஆளே நிரூபித்துவிட்டார். பழைய போர்டையாவது கொடுங்கள் என்றால், பழுதான பாகங்கள் கம்பெனிக்குப் போய்விடும் என்கிறீர்கள். வாரன்டியில் இலவசமாக மாற்றியிருந்தால் அது நியாயம். நான் முழு விலை கொடுத்திருக்கிறேன், பில்லில் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு ரூபாய் கழிக்கப்படவில்லை. அந்தப் போர்டு என் பொருள். அது நல்ல நிலையில் இருந்ததற்கான ஒரே சாட்சியும் அதுதான்.

நான் கேட்பது: போர்டின் விலை 9,676 ரூபாயும், இரண்டு வருகைக் கட்டணங்களில் ஒன்றான 650 ரூபாயும் சேர்த்து 10,326 ரூபாய். ஒரு பழுதுக்கு ஒரு வருகைக் கட்டணம் நான் தர வேண்டியதுதான், கனெக்டருக்கான 380 ரூபாயும் நியாயமானதே, அவற்றைக் கேட்கவில்லை. பழைய போர்டைத் திருப்பிக் கொடுத்தால், புதியதைக் கழற்றி எடுத்துச் செல்ல உங்கள் ஆளுக்கு இடம் கொடுப்பேன். அதை மாட்டிய பின் ஓவனை 200 டிகிரி வரை ஓட்டிக் காட்டி, அளந்த எண்களை ஜாப் ஷீட்டில் எழுதித் தர வேண்டும். பழைய போர்டு உங்களிடம் இல்லையென்றால் புதியது இங்கேயே இருக்கும், பணம் அப்போதும் திரும்பி வர வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(11) சேவைக் குறைபாட்டை வரையறுக்கிறது. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் தர மறுப்பது பிரிவு 2(47)இன்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால் 30 நாள் என்கிறது சட்டம். இக்கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் பணம் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இரண்டு பில்களின் நகல், இரண்டு ஜாப் ஷீட்டுகள், கையேட்டில் எரர் கோடு உள்ள பக்கம், கருகிய கனெக்டரின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். கனெக்டர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் காட்டுவேன், கையில் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.