சேலத்திலிருந்தும் துருவக் கடலுக்கு வழி உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ மாணவர்களுக்காகத் தாங்கள் வெளியிட்டுவரும் உயர்கல்வி வழிகாட்டிப் பகுதியில் மருத்துவம், பொறியியல், கணினி எல்லாம் நிறைவாக இடம்பெறுகின்றன. துருவங்களை ஒட்டிய கடல்களை ஆராயும் துருவக் கடலியல் மட்டும் ஒரு வரியாகக்கூட வந்ததில்லை. சேலத்திலும் ஏற்காட்டிலும் முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி கடலியல் படிக்க விரும்பியபோது, சேர்க்கைக்குப் போன இடத்தில் "சேலத்தில் கடல் ஏதம்மா?" என்று கேட்டு வேறு பாடத்தில் சேர்த்துவிட்டார்கள். அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. ஏனெனில் அந்தத் துறையின் அடிப்படையை அவள் ஏற்காட்டு வகுப்பறையிலேயே கண்ணால் பார்த்திருந்தாள். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, பாதி உறையும்வரை என் வீட்டு ஃபிரீசரில் வைத்து எடுத்துச் சென்றிருந்தேன். ஓரத்தில் கட்டியிருந்த பனிக்கட்டியைக் கழுவி நாக்கில் வைத்தால் உப்பு குறைவாக இருந்தது. நடுவில் எஞ்சிய நீரோ வாய் கொள்ளாமல் கரித்தது. அண்டார்க்டிகாவை ஒட்டிய வெட்டல் கடலிலும் ராஸ் கடலிலும் நடப்பது இதுதான். ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில் கடல்நீர் உறைகையில் உப்பு வெளியேற, அதனால் கனத்துப்போன குளிர்நீர் ஆழத்துக்கு இறங்கி, கடல்தரையை ஒட்டியே நம் இந்தியப் பெருங்கடல் வரைக்கும் பரவுகிறது. புவி வெப்பமயமாதலால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது என்னும்போது, அதனால் இந்த ஆழ்நீரோட்டம் தளர்கிறதா என்று கண்காணிப்பது எத்தனை முக்கியமான பணி!

இதற்குக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டியதில்லை. இளநிலையில் இயற்பியலோ கணிதமோ, முதுநிலையில் கடலியலோ வளிமண்டல அறிவியலோ படித்து, நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் தாளை எழுதலாம். அதில் சிறப்பாகத் தேறினால் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். முனைவர் பட்டம் பெறும்போது வயது 27, 28 ஆகிவிடும் என்பதையும், நிரந்தரப் பணியிடங்கள் குறைவு என்பதையும் பெற்றோரிடம் மறைக்கக்கூடாது.

பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று தயங்குவோருக்கு ஒரு செய்தி: 1983இல் புறப்பட்ட மூன்றாவது இந்திய அண்டார்க்டிகப் பயணத்திலேயே கடலியலாளர் அதிதி பந்த் சென்றுவந்தார். ஆய்வாளர் எல்லோரும் கப்பலேற வேண்டும் என்பதும் இல்லை. உலகக் கடல்களில் மிதக்கும் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் பத்து நாளுக்கொருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை மூழ்கி எழுந்து அனுப்பும் வெப்பநிலை, உப்புத்தன்மை அளவுகளைச் சேலத்து மாணவரும் கட்டணமின்றி இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம்.

கோவாவிலுள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தில் பணிபுரியும் தமிழ் ஆய்வாளர் ஒருவரைப் பேட்டி கண்டு, கல்லூரிச் சேர்க்கை தொடங்குமுன் தங்கள் வழிகாட்டிப் பகுதியில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை இயற்பியல் ஆசிரியர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.