எங்கள் வாசகர் வட்டம், தருமபுரி: செயலாளரின் ஆண்டறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். சுதந்திரம் பேசிய இயக்கங்கள் பெண்களின் அரசியல் உரிமையை எப்படி நடத்தின என்பதுதான் இந்த ஆண்டு நம் மாதக் கூட்டங்களில் முக்கியப் பேச்சு. பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

பிரான்சில் தொடங்கினோம். 1791-இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் து கூஜை 1793-இல் கில்லட்டினில் கொன்றார்கள், அங்கே பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944-இல். அப்புறம் இங்கிலாந்து, விவாதம் சூடு பிடித்தது இங்கேதான். 1867-இல் பெண்களுக்கும் வாக்குரிமை கேட்டு, சிந்தனையாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் கொண்டுவந்த திருத்தம், ஆதரவு 73, எதிர்ப்பு 196 என்று தோற்றது. 1884-இல் சுதந்திரம் பேசிய லிபரல் கட்சியே ஆட்சியில் இருந்தும், வாக்குரிமையை விரிவாக்கும் மசோதாவில் பெண்களையும் சேர்க்கக் கேட்டபோது, மசோதா என்ற கப்பல் இதற்கு மேல் சுமை தாங்காது என்றார் பிரதமர் கிளாட்ஸ்டன். பெண் வாக்குரிமைக்கு ஆதரவாளர்கள் என்று அறியப்பட்ட லிபரல் உறுப்பினர்கள் 100-க்கும் மேற்பட்டோர் எதிர்த்தே வாக்களித்தார்கள். 1887-இல் அந்தக் கட்சிப் பெண்கள் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பு கண்டு தேர்தல் வேலையெல்லாம் பார்த்தார்கள், ஆனாலும் ஆண்களோடு சமமான ஓட்டு கைக்கு வர 1928 ஆகிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் பக்கம் பார்த்தால், 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியில் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது, பெருமைதான். ஆனால் சொத்துத் தகுதி வேண்டும் என்றார்கள், சொத்து யார் பெயரில் இருந்தது? 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது, தமிழ்நாட்டில் மகளுக்குச் சம பங்கு தரும் சட்டம் 1989-இல் வந்தது. அதே 1989-இல்தான் மகளிர் சுய உதவிக் குழுக்கள் நம் மாவட்டத்தில் தொடங்கின. குழுவிலிருந்து ஊராட்சித் தலைவரான ஒரு அக்கா நம் கூட்டத்தில் பேசினார்: கையெழுத்து அவருடையது, நாற்காலியில் உட்கார்ந்தது வீட்டுக்காரர். உள்ளாட்சியில் 50 சதவீதம் என்று சட்டம் இருந்தும் இந்த நிலை.

இப்போது நம் வீட்டு விஷயம். கூட்டத்துக்கு வருவதில் பெண்களே அதிகம், செயற்குழுவிலோ பெரும்பாலும் ஆண்கள். பாதி இடம் பெண்களுக்கு என்று விதி திருத்தக் கேட்டபோது "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்கள் சிலர். கிளாட்ஸ்டன் தட்டிக்கழித்ததும் இப்படித்தான், ஆகவே தீர்மானத்தை இன்றே வைக்கிறேன், பொருளாளர் அல்லது செயலாளர் பொறுப்பில் ஒன்று பெண்ணுக்கு என்பதையும் சேர்த்து.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அது முடிந்ததும் ஓட்டெடுப்பு, சந்தா பாக்கி உள்ளவர்களும் ஓட்டுப் போடலாம்.