சார்ஜ் ஷீட்ல எழுதாத குத்தத்துக்கு தீர்ப்பு எங்கேர்ந்து வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போர்க்குற்ற கோர்ட்டுங்க பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். 1994ல நடந்த ருவாண்டா இனப்படுகொலை வழக்குல 1998 செப்டம்பர் 2ஆம் தேதி வந்த அகயேசு தீர்ப்புலதான் பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையில சேரும்னு ஒரு சர்வதேச கோர்ட் முதல் தடவையா சொன்னுச்சுன்னு எழுதியிருந்தீங்க. அது சரிதான். ஆனா அந்த விசாரணை ஆரம்பிச்சப்ப சார்ஜ் ஷீட்ல அந்தக் குத்தமே கிடையாதுங்கறத நீங்க எழுதல, அத விட்டுட்டா பாதி விஷயம்தான் படிக்கிறவங்களுக்குப் போய்ச் சேருது, அதான் இந்த லெட்டர்.

அகயேசுங்கறவர் அப்ப ருவாண்டாவுல தபாங்கற ஊருக்கு மேயர் மாதிரி. 1997 ஜனவரியில தான்சானியாவுல இருக்குற அருஷாவுல விசாரணை தொடங்குது, சார்ஜ் ஷீட்ல கொலை இருக்கு, சித்திரவதை இருக்கு, பொம்பளைங்களுக்கு நடந்தது மட்டும் இல்ல. ஜே-ங்கற எழுத்து மட்டும் ரெக்கார்டுல இருக்குற ஒரு அம்மா சாட்சி சொல்ல வர்றாங்க, கொலைகாரங்க வீட்டுக்கு வந்தத சொல்லிட்டு வரும்போதே தன்னோட ஆறு வயசு மகள மூணு பேர் பலாத்காரம் பண்ணதையும் சொல்லிடுறாங்க. நீதிபதிங்க அத அப்படியே விடாம மேல மேல கேக்க, அகயேசுவோட ஆபீஸ்லயே சின்னப் பொண்ணுங்களுக்கு இது நடந்ததா கேள்விப்பட்டேன்னு சொல்றாங்க. அடுத்து எச்-ங்கற இன்னொரு பொண்ணு வந்து சோளக்காட்டுல தனக்கு நடந்ததையும், ஆபீஸ் காம்பவுண்டுக்கு வெளியவே மத்தவங்களுக்கு நடந்தத கண்ணால பாத்ததையும் சொல்றாங்க. அப்ப அந்த மூணு நீதிபதிங்கள்ல ஒரே பெண் நவநீதம் பிள்ளை, தென் ஆப்பிரிக்கா டர்பன்ல பொறந்த நம்ம தமிழ் வம்சாவளி. பெண்கள் அமைப்புங்களும் வெளியேர்ந்து மனு போட்டாங்க. இவ்வளவுக்கும் அப்புறம்தான் பிராசிக்யூஷன் திரும்ப விசாரிச்சு 1997 ஜூன்ல சார்ஜ் ஷீட்ட திருத்துச்சு. அந்த ரெண்டு பேரும் வாய் திறக்கலன்னா, இல்ல நீதிபதிங்க நமக்கென்னன்னு விட்டிருந்தா, நீங்க பாராட்டி எழுதுன அந்த தீர்ப்பே வந்திருக்காது சார்.

சரி, அது அந்தக் காலம், போகப் போக திருந்தியிருப்பாங்கன்னு நெனச்சா, நெதர்லாந்து ஹேக்ல இருக்குற ஐசிசிங்கற சர்வதேச குற்றவியல் கோர்ட்டோட மொத வழக்கே இதவிட மோசம். காங்கோவுல இட்டூரிங்கற பகுதியில ஆயுதக் குழு நடத்துன தாமஸ் லுபாங்காவ 2006ல புடிச்சிட்டு வந்தாங்க. பிராசிக்யூட்டர் லூயிஸ் மொரேனோ ஒகாம்போ போட்ட குத்தம் ஒண்ணே ஒண்ணுதான், 15 வயசுக்குக் கீழ இருக்குற பசங்கள படையில சேத்து சண்டைக்கு அனுப்பினது. அந்தப் படையில பொண்ணுங்களும் இருந்தாங்க, அவங்கள கமாண்டருங்க என்ன பண்ணாங்கன்னு சாட்சிங்க கோர்ட்டுலயே சொன்னாங்க. 2009 ஜனவரியில ஒகாம்போவே தன்னோட தொடக்க உரையில அதப் பத்தி உருக்கமா பேசினார். பேசினாரே தவிர சார்ஜ் ஷீட்ல சேக்கல. பாதிக்கப்பட்டவங்களோட வக்கீலுங்க பாலியல் அடிமைத்தனத்தையும் சேத்துக்கோங்கன்னு அதே வருஷம் கேட்டாங்க, விசாரணை நீதிபதிங்கள்ல ரெண்டு பேர் அதுக்கு வழி இருக்குன்னு சொன்னாங்க, உடனே லுபாங்கா தரப்பும் அப்பீல் போனுச்சு, பிராசிக்யூட்டரும் அப்பீல் போனார்! 2009 டிசம்பர்ல அந்த வழி அடைபட்டுப் போச்சு.

2012 மார்ச்ல லுபாங்கா குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு, ஜூலையில 14 வருஷம் தண்டனை. அந்த தண்டனை உத்தரவுல முன்னாள் பிராசிக்யூட்டரோட போக்க நீதிபதிங்க நேரடியாவே கண்டிச்சாங்க. ஆரம்பத்துலயும் முடிவுலயும் பாலியல் வன்கொடுமை பத்தி நீளமா பேசினீங்க, அதுக்காக தண்டனைய கூட்டணும்னும் கேட்டீங்க, ஆனா எந்தக் கட்டத்துலயும் அத குத்தமா சேக்கச் சொல்லி கேக்கல, மத்தவங்க கேட்டப்பவும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அநியாயமாயிடும்னு எதிர்த்தீங்கன்னு, கிட்டத்தட்ட இதுதான் அவங்க எழுதினது. பொண்ணுங்களுக்கு நடந்தத தனியா பாக்கணும்னு ஒடியோ பெனிட்டோங்கற பெண் நீதிபதி மட்டும் மாற்றுத் தீர்ப்பு எழுதினாங்க.

ஒகாம்போ தரப்புல சொல்ற காரணமும் இருக்கு. காங்கோ ஜெயில்லேர்ந்து லுபாங்கா வெளிய வந்துடுவாரோன்னு அவசரம், கையில பலமா இருந்த ஆதாரத்த வெச்சு வழக்கு போட்டோம்னு சொல்றாங்க. மொதல்ல புடிக்கறதுக்கு அது சரின்னே வெச்சுக்குவோம். விசாரணை ஆரம்பிச்சது 2009ல, நடுவுல மூணு வருஷம் கெடந்துச்சே, அப்ப என்ன பண்ணாங்க? குற்றம் சாட்டப்பட்டவருக்கு தன் மேல என்ன வழக்குன்னு முன்கூட்டியே தெரியணும், அதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்ல. அதுக்காகத்தானே காலாகாலத்துல எழுதுங்கன்னு கேக்கறோம்.

இதோட விளைவு தீர்ப்போட நிக்கல. நஷ்ட ஈடு பேச்சு வந்தப்ப, 2015 மார்ச்ல அப்பீல் கோர்ட் சொன்னது என்னன்னா, பாலியல் வன்கொடுமை லுபாங்காவோட பொறுப்புன்னு நிரூபணம் ஆகல, அதனால அந்த பாதிப்புக்கு அவர்கிட்டேர்ந்து ஈடு கெடையாது. அந்தப் பொண்ணுங்க பக்கம் ஒரு தப்பும் இல்ல, எழுத வேண்டிய பிராசிக்யூட்டர் ஆபீஸ் எழுதல, அவ்வளவுதான். இப்ப பக்கத்துலயே போஸ்கோ நடகண்டா வழக்க வெச்சுப் பாருங்க. அதே இட்டூரி, அதே படை, லுபாங்காவுக்குக் கீழ இருந்த கமாண்டர். அவர் மேல 2006ல போட்ட மொத வாரண்ட்லயும் குழந்தைப் போராளி விஷயம் மட்டும்தான், 2012ல வந்த ரெண்டாவது வாரண்ட்ல பாலியல் வன்கொடுமையும் சேந்துச்சு. 2019ல தன் சொந்தப் படையிலேயே இருந்த சிறுமிங்களுக்கு நடந்ததுக்கும் சேத்து குற்றவாளின்னு தீர்ப்பு, 30 வருஷம் ஜெயில், 2021ல வந்த நஷ்ட ஈடு உத்தரவுல பலாத்காரத்துக்கு ஆளானவங்களும் அதனால பொறந்த குழந்தைங்களும் கூட உண்டு. எழுதினதுக்கும் எழுதாததுக்கும் வித்தியாசம் இதுதான்.

ருவாண்டாவுல பெண்கள் நலத்துறை அமைச்சராவே இருந்த பாலின் நியிராமசுஹுகோ வழக்குலயும் இதேதான். 2011ல பலாத்காரத்துக்காக மனித குலத்துக்கு எதிரான குற்றம்னு தண்டனை கெடச்சுச்சு, ஆனா அத இனப்படுகொலைன்னு தீர்ப்பு சொல்ல முடியல, காரணம் பிராசிக்யூஷன் அத சார்ஜ் ஷீட்ல ஒழுங்கா எழுதல. அகயேசு தீர்ப்பு வந்து 13 வருஷம் கழிச்சும்!

2014 ஜூன்ல ஃபட்டூ பென்சூடா பிராசிக்யூட்டரா இருந்தப்ப பாலியல் குற்றங்களுக்குன்னே ஒரு கொள்கை ஆவணம் வந்துச்சு, நல்ல ஆவணம். அதே மாசம், இட்டூரியில இன்னொரு ஆயுதக் குழுவுக்குத் தலைவரா இருந்த கட்டாங்காவோட வழக்குல, பாலியல் குற்றங்கள்லேர்ந்து அவர விடுவிச்சத எதிர்த்துப் போட்ட அப்பீல அதே ஆபீஸ் வாபஸ் வாங்குச்சு. போகோரோ கிராமத்துலேர்ந்து வந்து அவ்வளவு தூரம் சாட்சி சொன்ன பொம்பளைங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும், நெனச்சாலே மனசு ஆற மாட்டேங்குது.

இந்தியாவும் இலங்கையும் ஐசிசியில உறுப்பினர் இல்ல, நமக்கெதுக்கு இதெல்லாம்னு சில வாசகருங்க கேக்கலாம். பெண்கள ஒடுக்கினதுக்காக 2025 ஜூலையில தாலிபான் தலைவருங்க ரெண்டு பேருக்கு அதே கோர்ட் வாரண்ட் போட்டிருக்கு, ஆப்கானிஸ்தான் நமக்கு ஒண்ணும் ரொம்ப தூரம் இல்ல. அந்த வழக்கு நகர்ந்தா, தீர்ப்பு வர்ற அன்னிக்கு மட்டும் தலைப்புச் செய்தி போடாம, விசாரணைக்கு முன்னாடி குற்றச்சாட்ட நீதிபதிங்க உறுதி பண்ற கட்டத்துலயே எதெல்லாம் சேத்திருக்காங்க, எத விட்டுட்டாங்க, யார் எதிர்த்தாங்கன்னு உங்க பேப்பர்ல விவரமா போடுங்க.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி,
தஞ்சாவூர்